இரவல் உயிர்

மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் எல்லோரும் சாகாவரம் பெற்றவர்கள். ஏதோ புராணம் சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் கம்ப்யூட்டர் ஆட்டம் செய்கிறவர்கள். அந்தக் காலத்தில் காசு போட்டு ஆடும் பெட்டிகளில் வருமே, ஒரு சிப்பாய் இடமிருந்து வலமாக ஓடுவான், ஓடிக்கொண்டே சுடுவான், எதிரே வருகிறவனும் சும்மா வராமல் சுட்டுக்கொண்டே வருவான், அந்த வகை ஆட்டம். பள்ளம் வந்தால் தாண்ட வேண்டும், தோட்டா வந்தால் படுக்க வேண்டும். ஒரே ஒரு தோட்டா பட்டாலும் ஆள் காலி. இதைச் செய்கிறவர்களே நாளெல்லாம் செத்துக்கொண்டிருந்தால் வேலை எப்படி ஓடும்? அதற்காக ஒரு பட்டன் வைத்திருந்தார்கள். அதைத் தட்டிவிட்டால் சிப்பாய் மேல் இடியே விழுந்தாலும் அவன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பான். அதற்குப் பெயர்தான் சாகாவரம். காலையில் வந்ததும் மின்விசிறியைப் போடுவதற்கு முன்னால் அதைப் போட்டுவிடுவார்கள்.

மொத்தமே நாலு பேர். முதலாளி இதற்கு முன் தண்ணீர் மோட்டார் விற்றவர். ஆட்டத்தைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அதற்குப் பெயர் மாற்றுவதில் மட்டும் சளைக்காதவர். நிரல் எழுதுகிறவனுக்கு அப்டேட் என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் "அப்டேட் பண்ணிடுறேன்" என்பான். பண்ணியும் விடுவான், கேட்டதைத் தவிர. படம் வரைகிற பெண்மணியை எல்லோரும் மரியாதையாக ஓவியர் என்றே கூப்பிட்டார்கள். சிப்பாய் சாகும் விதங்களை ரசித்து ரசித்து வரைவார்; மேசையில் எறும்பு ஊர்ந்தால் வாயால் ஊதித்தான் அப்புறப்படுத்துவார்.

நாலாவது ஆள்தான் ஒத்தக்காசு. எந்த இடத்தில் பள்ளம், எந்த மரத்தில் துப்பாக்கிக்காரன், எந்தப் பாறை தலையில் விழும் என்று கட்டங்களை அமைப்பவன் அவன். பெயர் வந்த கதையை வேலைக்குச் சேர்ந்த அன்றே, யாரும் கேட்காமலே, சொல்லிவிட்டான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஆட்டக் கடையில் ஒரே ஒரு காசைப் போட்டு, முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை ஆடி முடித்தானாம். கடைக்காரரே எழுந்து வந்து கை கொடுத்தாராம். இந்தக் கதையை அவன் கல்யாணத்தன்று மாமனாரிடம் சொன்னான், பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரிடம் சொன்னான், வாயில் பஞ்சு இருந்தும் சொன்னான்.

அப்படிப்பட்டவன் கட்டம் அமைத்தால் எப்படி இருக்கும்? கடைசிக் கட்டத்தில் ஒரு இரும்புப் பூரான் வரும். திரை கொள்ளாத நீளம். ஒவ்வொரு காலிலும் ஒரு துப்பாக்கி. பார்த்தவுடனே ஓவியருக்கு மனசு கேட்கவில்லை.

"தோட்டாவைக் கொஞ்சம் குறைச்சா என்ன? பாவம், அந்தச் சிப்பாய்க்கு மூச்சு விடக்கூட இடமில்லையே."

"மூச்சு விடணும்னு நினைக்கிறவங்களுக்கு வேற ஆட்டம் நிறைய இருக்கு. நாம ஆடத் தெரிஞ்சவங்களுக்குச் செய்யறோம்" என்றான் ஒத்தக்காசு. "ஒரு தோட்டாவைக்கூடக் குறைக்க மாட்டேன்."

அவன் செய்த இன்னொரு காரியமும் உண்டு. இந்த ஆட்டத்தை இரண்டு பேர் சேர்ந்தும் ஆடலாம்: நீலச் சிப்பாய் ஒருவருக்கு, சிவப்புச் சிப்பாய் இன்னொருவருக்கு. ஆளுக்குச் சில உயிர்கள். தன் உயிரெல்லாம் தீர்ந்துபோனவர் ஒரு பட்டனை அழுத்தி, கூட ஆடுகிறவரிடமிருந்து ஒரு உயிரை இரவல் வாங்கிக்கொள்ளலாம். பழைய ஆட்டங்களிலும் இது இருந்தது. ஆனால் கூட்டாளியிடம் கடைசியாக ஒரே உயிர்தான் இருக்கிறது என்றால் அதில் கை வைக்க முடியாது. அந்த மட்டுக்கு அவற்றைச் செய்தவர்களுக்கு மனசாட்சி இருந்தது. நம் ஆள் அந்தத் தடையைத் தூக்கிவிட்டான். கடைசி உயிரையும் எடுக்கலாம். கொடுத்தவர் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுவார், எடுத்தவர் அதே இடத்தில் எழுந்து நிற்பார். எதற்கு இப்படி என்று அப்டேட் கேட்டதற்கு, "அப்பதான் சூடு பிடிக்கும்" என்று மட்டும் சொன்னான்.

இப்படியாக ஆட்டம் முடிந்தது. அதை வாங்கிக்கொள்ள ஒரு பெரிய நிறுவனம் முன்வந்தது. அதன் சார்பில் பேசிய அம்மையார் கறாரான பேர்வழி. முன்பு யாரோ ஒரு ஆட்டத்தை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் கதவு திறக்காதாம். ஆடினவர்கள் எல்லாம் கதவுக்கு முன்னால் போய் நின்று இவரைத் திட்டியிருக்கிறார்கள். அதில் சூடுபட்டவர், முதலாளியிடம் போனிலேயே சொல்லிவிட்டார்.

"பழுது இருக்கிற ஆட்டத்தை நான் தொடவே மாட்டேன். வெள்ளிக்கிழமை வரேன். செஞ்சவங்களே என் கண்ணு முன்னாடி ஆடி முடிக்கணும். ஒருத்தரா ஆடினாலும் சரி, ரெண்டு பேரா ஆடினாலும் சரி. ஆனா குறுக்கு வழி பட்டன் எதுவும் இல்லாத பிரதியை இப்பவே எனக்கு அனுப்பிடுங்க. என் கம்ப்யூட்டர் பெட்டியிலதான் ஆடணும்."

முதலாளி அந்த நிமிஷமே அனுப்பச் சொல்லி, அப்டேட்டும் சாகாவரத்தைக் கழற்றிவிட்டு அனுப்பிவிட்டான். இந்த ஆட்டம் விலைபோனால் அலுவலகம் இருக்கும். இல்லாவிட்டால் மெத்தைக் கடைக்காரர் மேல்மாடியிலும் மெத்தை அடுக்குவார். இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முதலாளி முகத்தில் கவலையே இல்லை.

"நமக்கென்ன பயம்? நம்ம ஒத்தக்காசு இருக்காரே!"

மூன்று பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் பெருந்தன்மையாகச் சிரித்துவைத்தான். சிரித்து முடித்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. சாகாவரம் இல்லாமல் இந்த ஆட்டத்தை அவனும் ஆடியதில்லை, அந்த அலுவலகத்தில் வேறு யாருமே ஆடியதில்லை.

மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே இறங்கிய நேரம் பார்த்து அவன் சாகாவரத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்தான். முதல் கட்டத்தில் முதல் மரத்திலிருந்த துப்பாக்கிக்காரன் முதல் தோட்டாவிலேயே அவனைச் சாய்த்தான். அந்த மரத்தில் அவனை ஏற்றிவிட்டதே இவன்தான். மறுபடி ஆடினான். மரத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தான். பள்ளமும் சொந்தத் தயாரிப்பு. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஆடி, ஒரு வழியாக இரண்டாம் கட்டத்தின் வாசலைப் பார்த்துவிட்டு, பாறை விழுந்து செத்தான். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். கண்ணைத் திறந்தபோது அப்டேட் கையில் டீயுடன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"நான் ஒண்ணும் பார்க்கலண்ணே" என்றான் அப்டேட்.

அன்று சாயங்காலம் ஒத்தக்காசு தன் அக்காவைத் தேடிப் போனான்.

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். காரில் கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு ஒரு பிரேக். அவள் காலடியில் இருப்பதுதான் தேயும். அவள் வகுப்பை முடித்து, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ஒரு நடுத்தர வயதுக்காரரை இறக்கிவிட்டு வரும்வரை அவன் நடைபாதையில் காத்திருந்தான். பிறகு காரில் ஏறி உட்கார்ந்து, கொஞ்சம் வெயிலைப் பற்றிப் பேசினான், கொஞ்சம் அவள் முழங்கால் வலியை விசாரித்தான்.

"சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வாடா" என்றாள் அக்கா.

விஷயத்தை அவன் சொன்னான். அக்கா முழுசாகக் கேட்டாள்.

"நீதான் ஒத்தக் காசுல ஜெயிச்சவனாச்சே. உனக்கு நான் எதுக்கு?"

அவன் காதுவரை சிவந்தான். உண்மை என்ன என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்; அவர்கள் இருவரும் அந்தக் காரில்தான் இருந்தார்கள். அந்தக் காசு அக்காவுடையது. ஆடிய கை அக்காவுடைய கை. தம்பி அழுகிறானே என்று இன்னொரு பக்கத்துப் பட்டன்களை அவனிடம் விட்டிருந்தாள். அவன் வேலை, சாவது, செத்துவிட்டு அக்காவிடமிருந்து ஒரு உயிரை எடுப்பது, அதையும் கொண்டுபோய்ப் பள்ளத்தில் போடுவது. இத்தனை பாரத்தையும் இழுத்துக்கொண்டு அவள் கடைசிக் கட்டத்தை முடித்தாள். கடைக்காரர் கை கொடுத்தது வாஸ்தவம்தான். அக்கா வெட்கப்பட்டு ஒதுங்கியதால், முன்னால் நீட்டிக்கொண்டிருந்த அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதை அவன் வீட்டில் சொன்னபோது அக்கா மறுக்கவில்லை. ஆட்டக் கடைக்குப் போனது தெரிந்தால் அவளுக்குத்தான் முதுகு வீங்கும். அதற்குப் பிறகு அவன் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் கண்ணை மூடினால் தன் கைதான் அவனுக்குத் தெரிகிறது. அவன் கல்யாணத்தில் அந்தக் கதை அரங்கேறியபோது அக்கா அடுத்த நாற்காலியில்தான் இருந்தாள். மாமனாரோடு சேர்ந்து அவளும் ஆச்சரியப்பட்டாள்.

"அக்கா, நீ முதல் ஆளா ஆடு. நான் ரெண்டாவது ஆளா கூட இருக்கேன். பழைய மாதிரி."

"பழைய மாதிரின்னா? என் உயிரை நீ எடுத்துத் தின்னுக்கிட்டே இருப்பியே, அந்த மாதிரியா?"

"எடுக்க மாட்டேன்க்கா. சத்தியமா எடுக்க மாட்டேன். மானம் போயிடும்க்கா."

மானம் என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தம்பியின் முகம் தொங்கிப்போயிருந்த விதத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. ஆட்டத்தை ஒரு கம்ப்யூட்டர் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாள். இரண்டு நாள் வகுப்புகளுக்கு லீவு விட்டாள். மூன்றாவது நாள் போன் பண்ணினாள்.

"ஏண்டா, உனக்கு மனுஷங்க மேல என்ன கோபம்? அந்த ரெண்டாம் கட்டத்துப் பாறை தலையில விழறதுக்கு முன்னாடி ஒரு சத்தமாவது கொடுக்க வேண்டாமா?"

"கஷ்டமா இருக்காக்கா?"

"கஷ்டம்னா பொறுத்துக்கலாம். இது அராஜகம். சரி, பூரான்வரைக்கும் போயிட்டேன். வெள்ளிக்கிழமை வரேன்."

வெள்ளிக்கிழமை அம்மையார் தம் பெட்டியைத் தாமே சுமந்துகொண்டு மாடியேறி வந்தார். கூந்தலை இறுக்கி முடிந்திருந்தார். கொடுத்த பிஸ்கட்டைத் தொடவில்லை. அக்கா கார் ஓட்டுகிற அதே செருப்போடு வந்து சேர்ந்தாள். முதலாளி கூழைக்கும்பிடு போடாத குறையாக எல்லோரையும் அறிமுகம் செய்தார்.

"இவங்க நம்ம ஒத்தக்காசோட அக்கா. இவங்களுக்கு ஆடச் சொல்லிக் கொடுத்ததே அவர்தானாம். நேத்துதான் சொன்னார்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் திரையின் மேல் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஆமாங்க. சின்ன வயசுலேர்ந்து அவன்தான் எனக்கு எல்லாம்" என்றாள் அக்கா.

நீலச் சிப்பாய் அக்கா, சிவப்புச் சிப்பாய் தம்பி. ஆட்டம் தொடங்கியது.

முதல் மரத்துத் துப்பாக்கிக்காரன் கையை உயர்த்துவதற்குள் அக்கா அவனை இறக்கிவிட்டாள். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்குகிற நிதானத்தோடு பள்ளத்தைத் தாண்டினாள். முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. உதடு மட்டும் "வர்றான், வர்றான், மேல ஒருத்தன், படு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. முதலாளிக்கு வாய் பிளந்துவிட்டது. தன் ஆட்டத்தை ஒருவர் நிஜமாக ஆடுவதை அவர் அப்போதுதான் பார்க்கிறார். ஓவியர், தாம் வரைந்த சாவுகள் ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்துச் சின்னச் சின்னதாகப் பெருமூச்சு விட்டார். ஏனென்றால் சிவப்புச் சிப்பாய் ஒன்றுவிடாமல் எல்லா விதத்திலும் செத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் கட்டம் முடிவதற்குள் ஒத்தக்காசின் உயிரெல்லாம் தீர்ந்துவிட்டது. சத்தியம் செய்திருந்தானே, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கட்டைவிரல் யாரைக் கேட்டது? அது தானாகப் போய் இரவல் பட்டனை அழுத்தியது.

"டேய்" என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணே ஒண்ணுக்கா."

அந்த ஒன்று பனிமலையில் வழுக்கிச் செத்தது. இன்னொன்றை எடுத்தான். அது பாலம் உடைந்து செத்தது. அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. "பரதேசி, என் பின்னாடி வாடா, முன்னாடி போகாதே!" "அங்கதான் தெரியுதே குண்டு, கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்றெல்லாம் அலுவலகம் என்றும் பாராமல் வாய் கிழியத் திட்டினாள். ஒத்தக்காசின் புகழ் அந்த அறையில் அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்டேட் மரியாதைக்காகச் சுவரைப் பார்த்தான்.

கடைசிக் கட்டம் வந்தபோது அக்காவிடம் ஒரே ஓர் உயிர்தான் மிச்சம். சிவப்புச் சிப்பாய் ஏற்கெனவே தரையில் கிடந்தான். இரும்புப் பூரான் மண்ணைப் பிளந்துகொண்டு எழுந்தது. அக்கா அதன் கால்களை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே வந்தாள். பாதிக் கால்கள் போய்விட்டன. தலை ஆட ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம்தான். விற்றுவிடும், அலுவலகம் பிழைத்துவிடும் என்று முதலாளி மனசுக்குள் பெயர்ப்பலகைக்கே பெயிண்ட் அடித்துவிட்டார்.

அப்போதுதான் ஒத்தக்காசு அதைச் செய்தான். வேண்டுமென்று செய்யவில்லை, இதை அவனுக்காக நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அக்கா ஜெயிக்கப் போகிறாள் என்ற இடத்தில், எட்டு வயதில் எப்படி மனசு துடித்ததோ அப்படியே துடித்தது. நானும் இருக்கணும், நானும் உள்ளே இருக்கணும் என்ற அந்தப் பழைய துடிப்பு. கட்டைவிரல் பட்டனை அழுத்தியது. நீலச் சிப்பாய் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தான். அதே இடத்தில், பூரானின் வாய்க்கு நேர் கீழே, சிவப்புச் சிப்பாய் எழுந்து நின்றான்.

"கடைசி உயிரையும் எடுத்துட்டியாடா, பாவி" என்றாள் அக்கா. கையிலிருந்த கண்ட்ரோலரை மேசை மேல் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டாள்.

இனி இரவல் வாங்க ஆள் கிடையாது. செத்தால் ஆட்டம் முடிந்தது, அலுவலகம் முடிந்தது, அவனும் முடிந்தான். அவனுக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுவதற்கு நேரமில்லை. பூரானின் தலை இறங்கிக்கொண்டிருந்தது. படுத்தான். தலை மேலே உரசிப் போனது. எழுந்தான், சுட்டான். வால் சுழன்று வரும் என்று தெரியும். அதைச் சுழலவிட்டதே அவன்தானே. குதித்தான். இந்தக் கட்டத்தில் எந்தத் தோட்டா எங்கிருந்து எப்போது வரும் என்பதை இந்த உலகத்தில் அவனைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. சாகாவரம் இருந்த காலத்தில் அத்தனையும் அவனைத் துளைத்துக்கொண்டு போனது, அவன் நகர வேண்டிய தேவை இருக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது நகர்ந்தான். ஒரு கால் போயிற்று. இன்னொன்று போயிற்று. குனிந்தான், உருண்டான், சுட்டான். அக்காவின் குரல் கேட்கவில்லை. யாருடைய குரலும் கேட்கவில்லை. கடைசிக் கால் முறிந்ததும் பூரான் ஒருமுறை வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது, நடுங்கியது, வெடித்துச் சாய்ந்தது.

ஒத்தக்காசு எழுந்து நின்றுவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் ஒரு ஆட்டத்தை முடித்திருந்தான். யாருடைய கையும் இல்லை, எந்த வரமும் இல்லை, அவன் கை, அவன் கண். அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

திரையில் சூரியன் உதித்தது. செத்த பூரானின் முதுகில் ஒரு சிப்பாய் கொடியோடு ஏறி நின்றான். நீலச் சிப்பாய். கீழே கொட்டை எழுத்தில் வந்தது: "வெற்றி! முதல் ஆட்டக்காரர்." அதற்குக் கீழே, ஓவியர் மிகவும் உருக்கமாக வரைந்திருந்த சிலுவை நட்ட மண்மேட்டின் மேல், சின்ன எழுத்தில் இன்னொரு வரி: "இரண்டாம் ஆட்டக்காரர் வீரமரணம்."

அறையே அதை வாசித்தது. ஒத்தக்காசு இரண்டு தடவை வாசித்தான்.

அப்டேட் மெல்ல அவன் காதருகில் வந்தான். "அண்ணே, தப்பு நடந்துபோச்சு. இரவல் வாங்கின உயிர், கொடுத்தவங்க கணக்குலயே இருந்திருக்கு. அதுல என்ன செஞ்சாலும் அவங்க பேர்லதான் ஏறும். யாரும் இதைப் பார்க்கவே இல்லண்ணே. நாமதான் சாகவே இல்லையே, எங்க இரவல் வாங்கறது?"

அம்மையார் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். கொடி பிடித்த நீலச் சிப்பாயை உற்றுப் பார்த்தார். மண்மேட்டைப் பார்த்தார். பிறகு திரும்பி, முதல் தடவையாகச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தார்.

"எத்தனையோ ஆட்டம் பார்த்துட்டேன். இப்படி ஒண்ணு பார்த்ததில்லை. உயிரை யார் கொடுத்தாங்களோ அவங்களுக்கே வெற்றி! எடுத்தவன் என்னதான் தலைகீழா நின்னு ஆடினாலும் அவன் பேர் கிடையாது! இதைப் பார்த்துட்டு வீட்டுக்கு வீடு சண்டை வரும். அதுக்காகவே வாங்குவாங்க." அவர் ஒரு நொடி நிறுத்தினார். கறார் மறுபடி முகத்துக்கு வந்தது. "இது தெரிஞ்சு செஞ்சதுதானே? பழுது இல்லையே? யாரோட யோசனை இது?"

முதலாளி ஓவியரைப் பார்த்தார். ஓவியர் அப்டேட்டைப் பார்த்தார். அப்டேட் ஒத்தக்காசைப் பார்த்தான். அக்கா யாரையும் பார்க்கவில்லை.

ஒத்தக்காசின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேடம், அது பழுது. பூரானைக் கொன்றது நான். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்களே. சொன்னால் அந்த அம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிடுவார். நாளைக்கே இந்த அறையில் மெத்தை வந்து இறங்கும். செய்யாததைச் செய்தேன் என்று சொல்வது அவனுக்குக் கைவந்த கலை. ஆனால் அதைச் சொல்வதற்கு இத்தனை கஷ்டப்பட்டது இதுவே முதல் தடவை.

"என் யோசனைதான் மேடம்" என்றான்.

"அப்படியா! ஏன் இப்படி வைக்கணும்னு தோணிச்சு?"

"இரவல் வாங்கின உயிர் மேடம். ஜெயிச்சாலும் அது கொடுத்தவங்க ஜெயிச்சதுதானே."

"பிரமாதம்" என்றார் அம்மையார். "இதுல ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது." பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே அக்காவின் பக்கம் திரும்பினார். கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருமையா ஜெயிச்சீங்கம்மா. தம்பி உங்களுக்கு நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கார்."

முதலாளியும் ஓடி வந்து அக்காவின் கையைக் குலுக்கினார். ஓவியர் குலுக்கினார். கொஞ்சம் தயங்கி அப்டேட்டும் குலுக்கினான். அக்கா இந்தத் தடவை ஒதுங்கவில்லை. வரிசையாக எல்லோருக்கும் கையை நீட்டினாள். ஒத்தக்காசு நாற்காலிகளை ஒழுங்குபடுத்தினான்.

அக்காவை வழியனுப்ப அவன்தான் கீழே இறங்கி வந்தான். மெத்தைக் கடை வாசலில் கார் நின்றிருந்தது. அவள் கதவைத் திறந்து உட்காரும்வரை பொறுத்துப் பார்த்தான், அதற்குமேல் முடியவில்லை. கண்ணாடிப் பக்கம் குனிந்தான்.

"அக்கா, நீ பார்த்தியில்ல? பூரானைக் கொன்னது நான்தானே?"

"பார்த்தேன்டா. கண்ணைக்கூடக் கொட்டல. நீதான் கொன்ன." அக்காவின் குரலில் கேலி இல்லை. "அந்த வாலைத் தாண்டினியே, எனக்கே அது வராதுடா. ரொம்ப நல்லா ஆடின."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப இதை நாலு பேர்கிட்ட சொல்லுக்கா. நான் சொன்னா யாரு நம்புவா? நீ சொன்னா நம்புவாங்க."

அக்கா சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமியது. தம்பியின் கன்னத்தை ஆதரவாகத் தட்டிக் கொடுத்தாள்.

"உன் ஆட்டத்தைப் பத்தி இத்தனை வருஷத்துல நான் வெளியில ஒரு வார்த்தை பேசியிருக்கேனாடா? கவலைப்படாம போ. இதையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."